அழுதார்கள், எழுந்தார்கள்: விவிலியப் பெண்கள் காட்டும் வழி



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நேரம். மறைக்கல்வி வகுப்பு முடிந்து எல்லாரும் போன பின்னும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை. எப்போதும் சிரித்த முகத்தோடு இருப்பவள். அன்று குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்:

"டீச்சர், அம்மாவுக்காக ஒன்பது நாளும் நவநாள் செபம் சொன்னேன். ஒரு நாள்கூட விடலை. அப்புறமும் அம்மா போயிட்டாங்களே. மாதா என் செபத்தைக் கேட்கவே இல்லையா?"

தாயை அடக்கம் செய்துவிட்டு அவள் பள்ளிக்குத் திரும்பிய வாரம் அது. அதற்கு முன் இரண்டு மாதம் தாய் நோயுற்றுக் கிடந்ததை அவள் எங்களில் எவரிடமும் சொல்லவில்லை. சிரித்த முகத்தைக் கண்டு நாங்களும் கேட்கவில்லை.

நான் என்ன செய்தேன்? அவள் தோளைத் தட்டி, "அழாதேம்மா, எல்லாம் இறைவன் சித்தம். தைரியமாக இரு" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நான் வீடு போய்ச் சேரும் முன்பே என் மனம் உறுத்தத் தொடங்கியது. அப்பம் கேட்ட பிள்ளையின் கையில் கல்லைக் கொடுத்து அனுப்பிவிட்டேன் என்று தோன்றியது.

அன்றிரவு விவிலியத்தைத் திறந்து, துன்பத்தில் சிக்கிய பெண்களின் வரலாறுகளை ஒவ்வொன்றாக மீண்டும் படித்தேன். பலமுறை படித்தவைதாம். ஆயினும் அன்றுதான் ஒன்று கண்ணில் பட்டது. அப்பெண்கள் தங்கள் துன்பத்தை மறைக்கவில்லை. அழுதார்கள், முறையிட்டார்கள், கசப்பைக் கூடச் சொன்னார்கள். இறைவன் அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அழுத பிறகு, கைக்கு எட்டிய அடுத்த வேலை ஒன்றை அவர்கள் செய்தார்கள். அன்று அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

ஆகார்: தண்ணீர் தீர்ந்த பாலைநிலத்தில்

ஆகார் எகிப்து நாட்டுப் பெண். ஆபிரகாமின் மனைவி சாராவுக்கு அடிமை. தொடக்கநூல் 16-ஆம் அதிகாரத்தில், தலைவியின் கொடுமை தாங்காமல், வயிற்றில் பிள்ளையோடு பாலைநிலத்துக்கு ஓடுகிறாள். அங்கே நீரூற்றின் அருகே வானதூதர் அவளைப் பெயர் சொல்லி அழைத்து, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறார். அடிமைப் பெண்ணிடம் அப்படி ஒருவர் நின்று கேட்பது அந்நாளில் சிறிய காரியமன்று. அவளோ தன்னோடு பேசிய ஆண்டவருக்கு, 'என்னைக் காண்கின்ற இறைவன்' என்னும் பொருள்பட ஒரு பெயரே சூட்டிவிட்டாள். விவிலியத்தில் இறைவனுக்குப் பெயரிட்ட முதல் ஆள் இந்த அடிமைப் பெண்தான்!

அப்போது அவளைத் திரும்பிப் போகும்படி தூதர் சொன்னார். அது அன்று ஆகாருக்குச் சொல்லப்பட்டது. கொடுமைக்கு ஆளாகும் பெண் வாய்மூடிப் பொறுத்தே தீர வேண்டும் என்ற பொதுச் சட்டமாக அதை யாரும் கொள்ளலாகாது.

21-ஆம் அதிகாரத்தில் அவள் மகனோடு வெளியே அனுப்பப்படுகிறாள். கையில் கொஞ்சம் அப்பமும் தோல்பையில் தண்ணீரும் மட்டுமே. பெயேர்செபாப் பாலைநிலத்தில் தண்ணீர் தீர்ந்தது. பிள்ளையை ஒரு புதரடியில் கிடத்திவிட்டு, அவன் சாவதைக் காணப் பொறாமல், அம்பு எறியும் தூரத்தில் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

இதன் பின் நடந்ததன் வரிசையைக் கவனியுங்கள். எழுந்திரு, பிள்ளையைத் தூக்கி உன் கையில் பிடித்துக்கொள் என்பதுதான் அவளுக்கு முதலில் வந்த கட்டளை. கிணறு கண்ணுக்குத் தெரிந்தது அதற்குப் பிறகே. இறைவன் புதிதாகக் கிணறு தோண்டினார் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. அவள் கண்களைத் திறந்தார் என்றுதான் எழுதியிருக்கிறது. துயரத்தில் உட்கார்ந்திருந்தவளின் கண்ணுக்கு அருகிலிருந்த கிணறு தெரியவில்லை. நமக்கும் அப்படித்தான். துன்ப வேளையில், உதவக்கூடியவர் அடுத்த வீட்டிலேயே இருப்பார். அடுத்த பெஞ்சிலேயே இருப்பார். கண்ணீர்த் திரையில் நமக்கு அது தெரிவதில்லை.

அன்னா: தவறாக எண்ணியவரிடமும் பேசியவள்

எல்கானாவுக்கு இரு மனைவியர். பெனின்னாவுக்குப் பிள்ளைகள் இருந்தனர், அன்னாவுக்கு இல்லை. ஆண்டுதோறும் சீலோவில் உள்ள ஆண்டவரின் இல்லத்துக்குப் போகும்போதெல்லாம் பெனின்னா அன்னாவைச் சொல்லால் குத்துவாள். அன்னா அழுவாள், உண்ணமாட்டாள். பத்துப் புதல்வரைவிட நான் உனக்கு மேலல்லவா என்று கணவன் தேற்றுகிறான். அன்பான மனிதன்தான். ஆயினும் அவன் பேச்சு அவள் புண்ணைத் தொடவில்லை. அன்று என் பேச்சு அந்த மாணவியைத் தொடாததுபோல.

அன்னா எழுந்து ஆலயத்துக்குப் போகிறாள். உதடு அசைகிறது, குரல் வெளிவரவில்லை. குரு ஏலி அதைப் பார்த்து, மது அருந்தியிருக்கிறாள் என்று எண்ணிக் கடிந்துகொள்கிறார். அந்த நிலையில் நாமாயிருந்தால் என்ன செய்வோம்? ஒன்று, சினந்து பேசுவோம். அல்லது, கோயில் பக்கமே இனி வருவதில்லை என்று திரும்பிவிடுவோம். அன்னா இரண்டையும் செய்யவில்லை. தான் குடித்தவள் அல்லள் என்றும், மனம் நொந்த பெண் என்றும், துயர மிகுதியால் ஆண்டவர் முன் உள்ளத்தைக் கொட்டியதாகவும் பணிவோடு, ஆனால் தெளிவாகச் சொன்னாள். ஏலியும் தம் தவற்றில் பிடிவாதமாக நிற்காமல் அவளை வாழ்த்தி அனுப்பினார். சொல்லவும் வேண்டும்; கேட்பவர் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவும் வேண்டும். இது ஆசிரியராகிய எங்களுக்கும் பாடம்.

அதன் பின் அவள் உணவு உண்டாள்; அவள் முகத்தில் வாட்டம் நீங்கியது என்று 1 சாமுவேல் முதல் அதிகாரம் கூறுகிறது. குழந்தை இன்னும் பிறக்கவில்லை. பெனின்னாவின் நாக்கும் மாறவில்லை. வெளியில் ஒன்றுமே மாறாதபோதே அவளுக்குள் பாரம் குறைந்துவிட்டது. பின்னர் சாமுவேல் பிறந்தான். அவனை ஆலயப் பணிக்கு ஒப்படைத்த பிறகும், ஆண்டுக்கு ஒருமுறை அவனுக்கென ஒரு சிறிய மேலாடை தைத்துக்கொண்டு போனாள் அந்தத் தாய்.

நகோமியும் ரூத்தும்: கசப்பும் கதிரும்

ரூத்து நூல் 4 அதிகாரங்களே கொண்ட சிறு நூல். பெத்லகேமில் பஞ்சம். நகோமி கணவனோடும் இரு மகன்களோடும் மோவாபு நாட்டுக்குப் பிழைக்கப் போகிறாள். அங்கே கணவன் இறக்கிறான். மோவாபியப் பெண்களை மணந்த மகன்கள் இருவரும் பத்தாண்டளவில் இறக்கிறார்கள். ஒரு வீட்டில் மூன்று கைம்பெண்கள்! மருமகள் ஓர்பா அழுதுகொண்டே தாய்வீடு திரும்புகிறாள். அவளை நூல் எங்கும் பழிக்கவில்லை. ரூத்து மட்டும் மாமியாரைவிட்டு அகல மறுத்து உடன் வருகிறாள்.

ஊர்ப் பெண்கள் நகோமியை அடையாளம் கண்டு வியக்கிறார்கள். நகோமி என்றால் இனியவள். இனி என்னை அப்படி அழைக்காதீர்கள், கசப்பானவள் என்னும் பொருள்பட மாரா என்று அழையுங்கள், நிறைவோடு போனேன், வெறுமையாய்த் திரும்பினேன் என்று அவள் புலம்புகிறாள். அவள் அப்படிச் சொன்னபோது ரூத்து எங்கே இருந்தாள்? பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்! துயரம் மிகுந்தவர்கள் நம்மைக் காணாமல் பேசுவதுண்டு. ரூத்து அதற்காக மனத்தாங்கல் கொள்ளவில்லை.

அது வாற்கோதுமை அறுவடைக் காலம். வயலோரக் கதிர்களையும் சிந்திய கதிர்களையும் ஏழைகளுக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்று இஸ்ரயேலின் சட்டம் விதித்திருந்தது. ரூத்து அந்த உரிமையை நம்பிப் போவாசின் வயலில் கதிர் பொறுக்கினாள். காலையில் வந்தவள் மாலைவரை உழைத்தாள். தட்டி எடுத்தபோது ஒரு ஏப்பா அளவு, அதாவது இன்றைய கணக்கில் 20 லிட்டருக்கு மேல் வாற்கோதுமை கிடைத்தது. நண்பகலில் தனக்குக் கிடைத்த வறுத்த கதிரில் மீதியை மடியில் எடுத்துவந்து மாமியாருக்குக் கொடுத்தாள்.

இந்நூலில் வானதூதர் வரவில்லை, கனவு இல்லை, புதுமை எதுவும் இல்லை. ஒரு பெண்ணின் உழைப்பு, ஒரு நல்ல மனிதரின் இரக்கம், ஏழையை நினைத்த ஒரு சட்டம் ஆகியவற்றின் வழியாகவே இறைவன் அக்குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார். ரூத்து போவாசை மணந்தாள்; அவள் பெற்ற ஓபேது தாவீது அரசனின் பாட்டன். முடிவில் அதே ஊர்ப் பெண்கள் நகோமியிடம், ஏழு ஆண்மக்களைவிட இந்த மருமகள் உனக்கு மேலானவள் என்றார்கள். வெறுமையாய் வந்ததாகச் சொன்னவள், அன்றே எவ்வளவு நிறைவோடு வந்திருக்கிறாள் பாருங்கள்!

எஸ்தர்: நடுங்கிய வீராங்கனை

தாய் தந்தையற்ற யூதப் பெண் எஸ்தர் உறவினரான மொர்தக்காயின் வளர்ப்பு. அவள் பாரசீக அரசியானாள். ஆமானின் சூழ்ச்சியால் அவள் இனமே அழியும் நிலை வந்தது. அழைக்கப்படாமல் மன்னர் முன் செல்பவருக்குச் சாவு. மன்னர் பொற்செங்கோலை நீட்டினால்தான் உயிர். அவளையோ 30 நாள்களாக மன்னர் அழைக்கவில்லை.

எஸ்தர் உடனே பாய்ந்து ஓடிவிடவில்லை. சூசா நகரின் யூதர் அனைவரும் தனக்காக மூன்று நாள் நோன்பிருக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினாள். தானும் பணிப்பெண்களோடு நோன்பிருந்தாள். அதாவது, தன் பாரத்தைத் தனியே சுமக்காமல் பிறரிடம் துணை கேட்டாள். நம் கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள கிரேக்கப் பகுதி இன்னும் ஒன்று கூறுகிறது. மன்னர் முன் சென்றபோது அவள் பணிப்பெண்ணின்மீது சாய்ந்துகொண்டுதான் நடந்தாள். அச்சத்தால் மயங்கியும் விழுந்தாள். ஆகவே, வீரம் என்றால் நடுங்காதிருப்பது என்று எண்ணவேண்டாம். நடுங்கும்போது ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டாவது போகவேண்டிய இடத்துக்குப் போவதும் வீரமே.

சிலுவையடியில் அன்னை

"என் செபத்தைக் கேட்கவே இல்லையா?" என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. அன்னாவுக்குக் கேட்டது கிடைத்தது. கிடைக்காதவர்களுக்கு?

கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே தம் துன்பக் கிண்ணம் அகல வேண்டும் என்று வேண்டினார். அது அகலவில்லை. மறுநாள் அவருடைய தாய் சிலுவையடியில் நின்றார். மரியன்னையிடம் போய்ச் செபிக்கும் மகளே, கேட்டது கிடைக்காத வேதனை என்னவென்று அறியாத தாயிடம் நீ போகவில்லை. இழப்பு இன்னதென்று அவருக்குத் தெரியும்.

அங்கும் அன்னை தனியே விடப்படவில்லை. உடன் வேறு பெண்களும் நின்றார்கள் என்று யோவான் எழுதுகிறார். உயிர் பிரியும் நேரத்தில் இயேசு தாயை அன்புச் சீடரிடமும், சீடரைத் தாயிடமும் ஒப்படைத்தார். அதாவது, அன்னைக்கு ஆறுதல் தர ஒருவரும், அன்னை அன்பு காட்ட ஒருவரும் கிடைத்தனர். பிறகு எருசலேமின் மேல்மாடி அறையில், சீடர்களோடு சேர்ந்து செபிக்கும் கூட்டத்தில் அவரைக் காண்கிறோம். இழப்பு இழப்பாகவே இருந்தது. ஆனால் இறைவன் அவரை ஒரு குடும்பத்தின் நடுவே வைத்தார்.

நாம் செய்யக்கூடியவை

மாணவியரே! தேர்வில் தோல்வி, வீட்டில் சண்டை, தந்தையின் வேலையிழப்பு, நோய், சாவு, வெளியே சொல்லக் கூசும் வேறு துன்பம் எதுவாயினும், அதை நெஞ்சுக்குள் பூட்டி வைக்காதீர்கள். அன்னாவைப்போல் முதலில் இறைவனிடம் கொட்டுங்கள். பின்பு நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லுங்கள். அம்மா, பாட்டி, சிஸ்டர், ஆசிரியை என யாராவது ஒருவர். முதலில் கேட்டவர் புரிந்துகொள்ளாவிட்டால் அடுத்தவரிடம் போங்கள். பிறகு சாப்பிடுங்கள், உறங்குங்கள், நாளை செய்யவேண்டிய ஒரு சிறு வேலையைத் தொடங்குங்கள்.

பெற்றோரே! பிள்ளை அழும்போது, "இதற்கெல்லாம் அழுவார்களா?" என்று வாயை அடைக்காதீர்கள். எங்கிருந்து வருகிறாய் என்று ஆகாரிடம் தூதர் கேட்டதுபோல், முதலில் கேளுங்கள். அறிவுரை அப்புறம் இருக்கட்டும்.

அந்த மாணவியை மறுவாரம் நானே அழைத்தேன். அன்று அவசரமாகப் பேசியதற்கு வருத்தம் தெரிவித்து, "உன் அம்மாவைப் பற்றிச் சொல்" என்றேன். ஒரு மணி நேரம் பேசினாள், அழுதாள், நானும் அழுதேன். கடைசியில் சொன்னாள்: "தினமும் காலையில தங்கச்சிக்கு நான்தான் டீச்சர் சடை பின்னிவிடறேன். அம்மா பின்னின மாதிரி வரலை."

ரூத்தின் கதையை நான் அவளுக்குச் சொன்னேன். மடியில் மாமியாருக்காக எடுத்துவந்த அந்த வறுத்த கதிரைப் பற்றியும் சொன்னேன். "உன் தங்கைக்கு அந்தச் சடை போதும்மா" என்றேன். அவள் முகம் துடைத்துக்கொண்டு, தங்கையை அழைத்துப்போக மணியாகிவிட்டது என்று எழுந்தாள்.