குழி தோண்டும் முன்பே ரூ.5 ஆயிரம் கட்டிய ஆலந்தூர்!

ஆலந்தூர் மெட்ரோ நிலையத்தில் ரயில் மாறி ஓடுகிறவர்களுக்கு அக்கம்பக்கம் பார்க்கவே நேரம் இல்லை. தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யார் யோசிக்கப் போகிறார்கள்?

இருக்கிறது! அந்த வட்டாரத் தெருக்களுக்குக் கீழே சுமார் 120 கிலோ மீட்டர் நீளத்துக்குப் பாதாளச் சாக்கடைக் குழாய் ஓடுகிறது. அதற்காக மண்வெட்டி மண்ணில் படும் முன்பே பணத்தை எண்ணிக் கொடுத்தவர்கள் ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பழவந்தாங்கல் தெருக்களில் குடியிருந்த சாதாரண ஜனங்கள்.

"ரோட்டைத் தோண்டிப் போட்டுட்டுப் போயிட்டாங்க" என்ற புலம்பல் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. அதனால்தான் ஆலந்தூர் கதையைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

லாரியை நம்பிய காலம்

ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி. சென்னை மாநகராட்சி எல்லையை ஒட்டி இருந்தாலும் உள்ளே இல்லை. மாநகரின் கழிவுநீர்க் குழாய் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அது நிரம்பினால் லாரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். லாரி வரும் வரை மூக்கைப் பிடித்துக் கொண்டு இருக்க வேண்டும். மழை பெய்தால் திறந்த சாக்கடை தெருவுக்கு வந்துவிடும். கொசு பற்றிச் சொல்லவே வேண்டாம்!

1996-ம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. நகராட்சித் தலைவராக வந்தவர் ஆர்.எஸ்.பாரதி. பின்னாளில் மாநிலங்களவை உறுப்பினர் ஆனவர். பாதாளச் சாக்கடை கொண்டு வருவதுதான் முதல் வேலை என்று கிளம்பினார்.

கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சுமார் ரூ.34 கோடி! வீட்டு வரியையும் கடை வாடகையையும் நம்பி வண்டி ஓட்டும் ஒரு நகராட்சிக்கு இது மலை போன்ற தொகை. கடன் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால், "எப்படித் திருப்பிக் கட்டுவீர்கள்?" என்று கேட்பார்களே!

வீட்டுக்கு 5 ஆயிரம், கடைக்கு 10 ஆயிரம்

ஜனங்களிடமே கேட்பது என்று முடிவாயிற்று. வீட்டுக்கு ரூ.5 ஆயிரம் டெபாசிட். கடை, கம்பெனிகளுக்கு ரூ.10 ஆயிரம். இணைப்பு வந்த பிறகு வீடுகளுக்கு மாதம் ரூ.150 கட்டணம்.

அன்றைக்கு ரூ.5 ஆயிரம் என்பது பல குமாஸ்தாக்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். "வீட்டு வரி கட்டுறோம். இது வேற எதுக்கு?" என்ற கேள்வி எந்த ஊரிலும் வரும். நியாயமான கேள்விதான். வராத குழாய்க்கு, தோண்டாத குழிக்கு, நகராட்சி கவுண்ட்டரில் யார் பணம் கட்டுவார்கள்?

ஆனால் கட்டினார்கள்! ஆயிரக்கணக்கான வீட்டுக்காரர்கள் கட்டினார்கள்.

குடியிருப்போர் நலச் சங்கங்களைக் கூட்டிக் கூட்டிப் பேசியதுதான் முதல் காரணம். வீடு வீடாகக் கருத்துக் கேட்டார்கள். வசூலான பணத்தைப் பொதுக் கணக்கில் கலக்காமல் பாங்கியில் தனிக் கணக்கில் போட்டார்கள். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் சம்பளம் போடவும் தெருவிளக்குக்கும் அந்தப் பணம் போய்விடாது என்று ஜனங்களுக்குத் தைரியம் கொடுத்தது இதுதான்.

வீட்டுக்காரர்களும் கணக்குப் போட்டிருப்பார்கள். வருஷம் முழுக்க லாரிக்குக் கொடுப்பது எவ்வளவு, மாதம் ரூ.150 என்றால் எவ்வளவு என்று பார்க்கத் தெரியாதவர்களா நம் ஊர்க்காரர்கள்?

ஆயிரம் வீடு கட்டினால் ரூ.50 லட்சம் சேரும். கடன் கொடுக்கிறவர்களுக்கு அந்தப் பணத்தை விட, அந்த ஆயிரம் பேரின் சம்மதம்தான் பெரிய ஜாமீன். தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமும், 'டுபிட்கோ' என்கிற அரசு நிதிக் கழகமும் கடன் கொடுத்தன. 2000-ம் ஆண்டு வேலை தொடங்கியது.

பெருங்குடியில் ஒரு பந்தயம்

தெருவில் குழாய் போட்டால் மட்டும் போதாது. அத்தனையும் எங்கே போய் விழுவது? பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம் கட்டத் திட்டமிட்டார்கள். முதல் கட்டமாக நாள் ஒன்றுக்கு 1 கோடியே 20 லட்சம் லிட்டர் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம்.

அதைத் தனியார் தன் காசில் கட்டி, நடத்தி, குறிப்பிட்ட காலம் கழித்து ஒப்படைக்க வேண்டும். சுத்தம் செய்யும் அளவுக்கு நகராட்சி பணம் தரும். இந்தியாவில் இந்த முறையில் நடந்த முதல் சில கழிவுநீர்த் திட்டங்களில் இது ஒன்று.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குழாய் ரெடி, நிலையம் ரெடி, ஆனால் வீடுகள் இணைப்பு வாங்கவில்லை என்றால்? கழிவுநீர் வராது, மாதக் கட்டணமும் வராது, கடன் தவணை மட்டும் தவறாமல் வரும்! பல ஊர்களில் திட்டங்கள் முடங்குவது இந்த இடத்தில்தான். முன்பணம் கட்டியவன் இணைப்பு வாங்காமல் விடமாட்டான். ஆலந்தூருக்குக் கை கொடுத்தது அதுதான்.

ரோடு கடைசியில்தான்!

எல்லா ஊர்க்காரர்களும் தெரிந்து கொள்ள வேண்டிய இன்னொரு சங்கதி, வேலையின் வரிசை.

கழிவுநீர் தானாக ஓட வேண்டும். அதற்கு வாட்டம் வேண்டும். தெருவுக்குத் தெரு குழாய் ஆழமாகிக் கொண்டே போகும். தாழ்ந்த இடத்தில் பம்பிங் ஸ்டேஷன் வைத்து ஏற்றி விடுவார்கள். ஆக, மிக ஆழமாகப் போகிற சாக்கடைக் குழாயைத்தான் முதலில் போட வேண்டும். குடிதண்ணீர்க் குழாய் அதற்கு மேலே, தள்ளிப் போக வேண்டும். பிறகு கேபிள்கள். தார் கடைசியில்.

நடப்பதோ தலைகீழ்! தேர்தல் வருகிறது என்று பளபளவென ரோடு போடுவார்கள். ஆறு மாதத்தில் அதன் நடுவே கடப்பாரை இறங்கும்.

மெயின் குழாய் போடும்போதே ஒவ்வொரு வீட்டு வாசல் வரைக்கும் கிளைக் குழாயை நீட்டி வைத்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டால், அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்காரரும் இணைப்புக்குப் பணம் கட்டும்போது ஒவ்வொரு வெட்டு விழும். ஒரே தெருவில் முப்பது ஒட்டு!

பள்ளத்தை மூடுவதிலும் சூட்சுமம் உண்டு. மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்க வேண்டும். மொத்தமாகத் தள்ளி மூடி அதன் மேல் தார் ஊற்றினால், முதல் மழையிலேயே உள்வாங்கி லாரிச் சக்கரத்தை விழுங்கும். ஒப்பந்தக்காரருக்குப் பட்டியல் பணம் முழுவதையும் கொடுத்துவிட்டால் அவரை எங்கே தேடுவது? ஒரு மழைக்காலம் தாங்கிய பிறகு மிச்சத் தொகையைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

தாழ்ந்து போன வாசல்கள்

பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, படி ஏறிப் போன வீடுகள் எல்லாம் இப்போது படி இறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. 2021-ம் ஆண்டு மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புது சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். உங்கள் தெருவில் ரோடு போட வரும்போது சுரண்டும் இயந்திரம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஜல்லி கொட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். கொட்டிய பிறகு கேட்டுப் பயன் இல்லை.

ஆலந்தூர் நகராட்சி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆனால் பாதாளச் சாக்கடைக்கு டெபாசிட் கேட்டு நோட்டீஸ் வருவது ஊர் ஊராக நடக்கிற சமாசாரம். நோட்டீஸ் வந்தால், பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது, நம் தெருவுக்கு எப்போது குழாய் வரும் என்று வார்டு கவுன்சிலரிடம் கேட்க யாரும் தயங்க வேண்டியதில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் டெபாசிட் வீட்டுக்காரர் பொறுப்பா, மாதக் கட்டணம் யார் பொறுப்பு என்று முன்பே பேசி வைத்துக் கொள்வது நல்லது. கட்டிய ரசீதில் கதவு எண்ணும் வரி விதிப்பு எண்ணும் சரியாக இருக்கிறதா என்று கவுண்ட்டரை விட்டு நகரும் முன்பே பார்த்துவிட வேண்டும்.