ருத்திராட்சப் பூனை

விழிஞ்ஞத்துக் குடைவரைக் கோயிலை நம் அன்பர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தியை 8ஆம் நூற்றாண்டில் பாறையில் செதுக்கிய கைகள் பக்தியுள்ள கைகள்தாம். அதேபோன்ற கைகள், அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு, மாமல்லபுரத்தில் ஒரு கள்ளப் பூனையையும் செதுக்கின. அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் பாறையில் பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது அது. காலடியில் எலிகள்! நாம் ருத்திராட்சப் பூனை என்று சொல்வது இந்த ஜாதியைத்தான்.

இப்படிப்பட்ட கேலிப் படங்களைப் பிள்ளைகள் பார்த்தால் பக்தி குறையும் என்று நண்பர் ஒருவர் வருத்தப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்கத்தாவில் 19ஆம் நூற்றாண்டில் இதே பூனை காளிகாட் காளி கோயில் வாசலிலேயே விற்பனைக்கு வந்தது. நெற்றியில் வைணவ நாமம், வாயில் இறால்! மீன் தொடாத அடியார் வேடத்துக்கு இதைவிடச் சிறந்த கேலி உண்டா? வாங்கியவர்கள் தரிசனம் முடித்து வந்த பக்தர்கள். முதலில் கையால் வரைந்தார்கள்; பிறகு பட்தலா அச்சுக்கூடங்கள் மரக்கட்டையில் செதுக்கி மலிவாக அச்சடித்தன.

1873இல் விளையாட்டு வினையாயிற்று. தாரகேசுவரம் கோயில் மகந்த் மாதவ கிரியிடம் எலோகேசி என்ற இளம் பெண் பிள்ளை வரம் தேடிப் போனதாக அன்றைய கதைகள் கூறும். அவளுக்கும் மகந்துக்கும் தொடர்பு என்று அறிந்த கணவன் நவீன், அரிவாள்மணையால் அவளை வெட்டிக் கொன்றான். மகந்துக்கு 3 ஆண்டு கடுங்காவலும் 2,000 ரூபாய் அபராதமும் கிடைத்தன. மகந்த் சிறையில் செக்கிழுக்கும் படம் சந்தையில் பறந்தது. ஆயுள் தண்டனை பெற்ற நவீனுக்காக ஊரே மனுக்கொடுத்து 1875இல் விடுவித்தது. எலோகேசிக்காக யார் மனுக்கொடுத்தார்கள்? வெற்றிலை கொடுக்கும் மயக்குக்காரியாகவே அவளைப் பல படங்கள் காட்டின. போலிச் சாமியாரைச் சுட்ட கேலி அவளையும் சுட்டதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

1917இல் ககனேந்திரநாத் தாகூர் இந்தக் கேலியைக் கல்லச்சுக்குக் கொண்டு வந்தார். சாதி என்னும் திரிகைக்கல்லில் மனிதர்கள் அரைபடுவதாக அவர் வரைந்தது சிரிக்கவும் விடாது.

காளிகாட் படங்கள் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நிறைய உள்ளன. நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். விடுமுறைக்குச் சென்னைப் பக்கம் போகிறவர்கள் மாமல்லபுரத்தில் பெரிய யானைக்கு அருகே, கீழே பாருங்கள். பிள்ளைகள்தாம் பூனையை முதலில் கண்டுபிடிப்பார்கள்.