லெங்கோங்கில் இரண்டு நாள்

பள்ளி விடுமுறையில் மைத்துனரின் கேம்பர் வேனில் குடும்பத்தோடு பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்குக்குப் போனோம். படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருப்பதால் விடுதிச் செலவு மிச்சம்! சுண்ணாம்புக் குன்றுகள், ரப்பர் மரங்கள், சிறு கம்பங்கள். இருட்டியதும் ஊர் அடங்கிவிடுகிறது.

2012-ல் உலகப் பாரம்பரியத் தலமான இடம் இது. மறுநாள் அரும்பொருளகத்தில், 1991-ல் குகையொன்றில் கிடைத்த ‘பேராக் மனிதன்’ பற்றி என் மகனுக்குச் சொன்னேன். 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவர். பிறவியிலேயே இடக்கை ஊனம். ஆயினும் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். இறந்தபோது கல்லாயுதங்களும் இறைச்சியும் வைத்து மரியாதையாக அடக்கம் செய்திருக்கிறார்கள்.

என் மகனுக்கும் இடக்கை சூம்பியதுதான். வகுப்பில் கேலி பேசுவார்கள். ஆசிரியர் மகன் என்றாலும் விடமாட்டார்கள்.

“அவருக்கு யாருப்பா சாப்பாடு கொடுத்தாங்க?”

“கூட இருந்தவங்கதான்.”

“அவரும் ஏதாச்சும் வேலை செஞ்சிருப்பாரு” என்றான்.

அன்றிரவு வேனில் தேநீர் கலக்கியது அவன்தான். சர்க்கரை சற்று அதிகம்.