விசுவாசத்தின் பிறப்பிடம்

இறைவன் அருளுகின்றான், உயிர் அவ்வருளை ஏற்கின்றது. ஏற்கும் அந்த மனம் உயிர் தானே கொண்டதோ, அதுவும் இறைவன் தந்ததோ? அருளை முதன்மையாகக் கொள்ளும் சமயங்கள் இவ்வினாவுக்கு விடை கூறியே ஆகவேண்டும். கிறிஸ்தவ சமயத்தில் இது விசுவாசத்தின் பிறப்பிடம் பற்றிய வினாவாக எழுந்தது. அச்சமய அறிஞர் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதனை ஆராய்ந்தும் வாதிட்டும் வந்துள்ளனர்.

விசுவாசம் என்பது உலக வழக்கில் நன்றி மறவாமையையும் பற்றுறுதியையும் குறிக்கும். கிறிஸ்தவர் அதனைப் 'பிஸ்டிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு நேராக வழங்குவர். ஒரு செய்தியை உண்மையென அறிவால் ஒப்புதல் மாத்திரம் மீட்புக்குரிய விசுவாசமாகாது. கிறிஸ்துவின் வழியாகக் கடவுள் அளிக்கும் மீட்பைத் தனக்குரியதென ஏற்று, அவரிடம் தன்னை ஒப்புவித்தலே அது. அத்தகைய விசுவாசம் கேள்வியால் வரும் என்பது உரோமருக்கு எழுதிய நிருபத்திற் பவுல் கூறும் கருத்து. ஆயினும், ஒரே போதனையைக் கேட்ட இருவருள் ஒருவர் நம்புகிறார். மற்றவர் நம்பாது செல்கிறார். இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? நம்பியவரிடம் இருந்த நல்லியல்பே காரணமெனின், மீட்பின் முதற்படி மனிதனுடையதாகும். அவன் தன்னைத் தானே மெச்சிக்கொள்ள இடமுண்டாகும். கடவுளே காரணமெனின், மற்றவருக்கு அவர் அதனைக் கொடாதது ஏன் என்னும் கேள்வி எழும். பின்னர் நிகழ்ந்த வாதங்களெல்லாம் இவ்விரு இடர்ப்பாடுகளைச் சுற்றியே நிகழ்ந்தன.

இதனை ஆழ்ந்து ஆராய்ந்தவருள் முதன்மையானவர் அகுஸ்தீனார். 354 இல் வட ஆபிரிக்காவிற் பிறந்த இவர், ஹிப்போ நகரின் ஆயராயிருந்து 430 இற் காலமானார். அழைப்பது கடவுள், நம்புவது மனிதன் என்பதே அவருடைய தொடக்கக் கொள்கை. 396 ஆம் ஆண்டளவில், சிம்பிளிசியான் என்பவர் விடுத்த வினாக்களுக்கு விடை எழுதுகையில் அதனைக் கைவிட்டார். பெற்றுக்கொள்ளாத யாதேனும் மனிதனிடம் உண்டோ என்று கொரிந்தியரைப் பவுல் வினவும் இடமே அவரை மாற்றியது. எல்லாம் பெற்றவையே எனின், விசுவாசமும் பெற்றதே அன்றோ?

இதற்கு மாறாக, பிரித்தானியரான பெலாஜியஸ் என்னும் துறவி, இயலாததைக் கடவுள் கட்டளையிடார் என்றும், நன்மையை நாடும் ஆற்றல் மனித இயல்பிலேயே உண்டென்றும் போதித்தார். கார்த்தேஜ் நகரிற் கூடிய சங்கம் 418 இல் அவர் கொள்கையை மறுத்தது. எனினும், இன்றைய தென்பிரான்சில் வாழ்ந்த யோவான் காசியன் முதலிய துறவிகள் ஓர் இடைவழியை நாடினர். அருளின்றி மீட்பில்லை, ஆனால் விசுவாசத்தின் தொடக்கம் சிலரிடத்து மனிதனின் விருப்பத்திலிருந்தே தோன்றலாம் என்பது அவர் கொள்கை. நோயாளி தன்னைத் தானே குணப்படுத்த இயலாது. ஆயினும் வைத்தியனை அழைக்க அவனால் இயலும் என்பது போன்றது இது. 529 இல் ஆர்ல் நகர ஆயர் சிசாரியஸ் தலைமையில் ஒறேஞ்சு நகரிற் கூடிய சங்கம் இதனையும் ஏற்கவில்லை. விசுவாசத்தின் வளர்ச்சி மட்டுமன்றி, அதன் தொடக்கமும், நம்பவேண்டும் என்னும் விருப்பமுங்கூட அருளின் கொடையே என அது வரையறுத்தது. வைத்தியனை அழைக்கும் எண்ணமும் வைத்தியன் தந்ததே என்பது இதன் பொருளாகும். அதே சங்கம், கடவுள் சிலரைத் தீமைக்கென முன்குறித்தார் என்னும் கருத்தையும் வன்மையாகக் கண்டித்தமை கருதத்தக்கது.

எபேசியருக்கு எழுதிய நிருபமும் இவ்வாதத்தில் எடுத்தாளப்படுவது. விசுவாசத்தின் வழியாக அருளால் வந்த மீட்பைக் கூறியபின், 'இது' மனிதனால் உண்டானதன்று, கடவுளின் கொடை என்கிறார் ஆசிரியர். அருளையும் விசுவாசத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொற்கள் பெண்பால். 'இது' என்னும் சுட்டோ பலர் அறிந்த அஃறிணையொத்த பொதுப்பால். ஆதலின் அது தனியொரு சொல்லைச் சுட்டாது, மீட்பின் நிகழ்ச்சி முழுவதையும் சுட்டும் என்பர் இலக்கண நோக்குடையோர் பலர். அங்ஙனமாயினும் விசுவாசம் அக்கொடைக்குப் புறம்பாவதில்லை.

சமயச் சீர்திருத்தக் காலத்தில் வாதம் மீண்டும் எழுந்தது. மனித சித்தத்தின் உரிமையை எரஸ்மஸ் 1524 இல் நாட்ட, அது கட்டுண்டதென லூதர் 1525 இல் மறுத்தார். கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் 1547 இல், அருளே முந்தி வருகிறது. மனிதன் அதற்கு இசையவும் அதனை மறுக்கவும் வல்லவன் என்றது. கல்வின் வழியினர் ஒல்லாந்தின் தோர்ட் நகரில் 1618, 1619 ஆம் ஆண்டுகளிற் கூடி, தெரிந்துகொள்ளப்பட்டோருக்கு அளிக்கப்படும் அருள் தவறாது பயன்தரும் என்றனர். ஜோன் வெஸ்லி (1703–1791), முந்திச் செல்லும் அருள் எல்லோருக்கும் உண்டு. அதனைத் தள்ளிவிடவும் கூடும் என்றார். ஆகவே, முதலில் அசைவது கடவுளே என்பதில் இவர்கள் ஒத்து நிற்கின்றனர். மறுக்கும் ஆற்றல் மனிதனுக்கு உண்டோ என்பதிலேயே வேறுபடுகின்றனர். போர்த்துக்கீசர் காலத்திற் கத்தோலிக்கரும், 1658 முதல் ஒல்லாந்தச் சபையினரும், 1814 முதல் வெஸ்லியரும் யாழ்ப்பாணத்துக்கு வந்தமையால், இம்மூன்று மரபுகளும் இந்நாட்டார் அறிந்தனவே.

தாயைத் தானே பற்றும் குரங்குக்குட்டியையும், தாயாற் கவ்வப்படும் பூனைக்குட்டியையும் காட்டி வைணவர் வாதிட்ட பொருளும் இதனோடு ஒப்புடையது. சைவசித்தாந்தமோ, இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்திய உயிரிடத்துச் சத்திநிபாதம் நிகழும் என்கிறது. அப்பக்குவத்தையும் மறைந்து நின்று விளைப்பது திரோதான சத்தியே. ஒருவருக்கு இன்றும் மற்றவருக்குப் பின்னரும் அருள் பதிதற்குக் காரணம் பல பிறவிகளில் முதிரும் பக்குவம் என அது விளக்குகிறது. பிறவி ஒன்றே எனக் கொள்ளும் கிறிஸ்தவத்துக்கு அவ்விளக்கம் இல்லை. ஆதலின், முதற்கண் கூறிய இரண்டாம் இடர்ப்பாட்டை அகுஸ்தீனார் வழியினர் கடவுளின் மறைபொருளாகவே விட்டனர்.

ஆயினும் முதலாம் இடர்ப்பாடு நீங்கிற்று. விசுவாசம் கொடையாயின், நம்புகிறவன் அதனைத் தன் திறமையாக எண்ணிப் பெருமிதங்கொள்ள இடமில்லை. நம்பாதவனைத் தாழ்வாக நோக்கவும் உரிமையில்லை. சமய வாதங்கள் மிகுந்த நாட்டில் இரு சாராரும் உணர்ந்துகொள்ள வேண்டிய உண்மை இதுவாகும்.