"ரெக்கார்டு இல்லை"ன்னு ஸ்கிரீன்ல வந்தா, பாலிசியே இல்லைன்னு அர்த்தமா?

"உங்க பேர்ல ரெக்கார்டே காட்டலையே சார், இப்போதைக்குப் பணம் கட்டிடுங்க, அப்புறம் ரீஇம்பர்ஸ்மென்ட் போட்டுக்கலாம்." ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் இதைக் கேட்டதும் பலர் நகையை எடுத்துக்கிட்டு அடகுக்கடைக்கு ஓடுறாங்க. ஓடறதுக்கு முன்னாடி அந்த மெசேஜ் உண்மையில் என்ன சொல்லுதுன்னு பாருங்க.

மருத்துவத் தகவலை ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்குவதற்கு எஃப்ஹெச்ஐஆர் என்று ஒரு பொதுவான முறை இருக்கு. 'ஃபயர்'னு சொல்வாங்க. நம்ம ஆபா எண் திட்டமும், கிளெய்முக்கான என்ஹெச்சிஎக்ஸ் தளமும் இதைத்தான் பயன்படுத்துது.

இந்த முறையில் 404, அதாவது 'கிடைக்கவில்லை' என்று சர்வர் சொன்னால், தகவல் இல்லைன்னு மட்டும் அர்த்தம் இல்லை. இருக்கு, ஆனா கேட்டவருக்குப் பார்க்க அனுமதி இல்லை என்றாலும் அதே பதிலைத் தரலாம். வேணும்னேதான். ஒரு மனநல மருத்துவமனை சர்வர் "அனுமதி இல்லை"ன்னு சொன்னாலே, அந்த நபர் அங்கே நோயாளின்னு வெளியே தெரிஞ்சுடுமே!

இன்னொண்ணு, தேடல். எதுவும் பொருந்தலைன்னா சர்வர் எரரே காட்டாது. 'வெற்றி, முடிவுகள் 0' என்று அனுப்பும். நம்ம ஊரில் இதுக்குப் பெரிய காரணம் இனிஷியல். பாலிசியில் 'எஸ். முருகன்', ஆதாரில் 'முருகன் சுப்பிரமணியன்'. மனுஷனுக்கு ஒரே ஆள், மெஷினுக்கு ரெண்டு ஆள். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறினாலும் இதே கதைதான்.

கடைசியில் இதெல்லாம் கவுன்ட்டர் ஸ்கிரீனில் ஒரே வரியாக வந்து நிற்கலாம். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கும் உள்ளே என்ன நடந்ததுன்னு தெரியாது. அவரோட சண்டை போடாதீங்க. "எதை வெச்சுத் தேடினீங்க?"ன்னு கேளுங்க. பாலிசி எண், மெம்பர் ஐடி வெச்சுத் திரும்பத் தேடச் சொல்லுங்க. அதே நேரத்தில் கார்டில் உள்ள டோல்-ஃப்ரீ எண்ணுக்குக் கூப்பிட்டு, பாலிசி நடப்பில் இருக்குன்னு மெயிலில் வாங்கிடுங்க.

பணம் போறது எங்கேன்னா, இங்கேதான்: கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்தில் முடிவு சொல்லணும்னு ஐஆர்டிஏஐ 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கு. ஆனா அந்தக் கடிகாரம் கோரிக்கை போன பிறகுதான் ஓடும். 'ரெக்கார்டு இல்லை'ன்னு ஆஸ்பத்திரி கோரிக்கையே அனுப்பலைன்னா, அந்த 1 மணி நேரக் கெடுவைக் காட்டி கம்பெனியைக் கேள்வி கேட்க முடியாது. அதனால "எப்படியாவது அனுப்பிடுங்க, மறுத்தா அவங்க மறுக்கட்டும்"னு வலியுறுத்துங்க. கிளெய்மை மறுக்கணும்னா கம்பெனியின் கிளெய்ம் ரிவ்யூ கமிட்டி ஒப்புதல் வேணும், காரணமும் சொல்லணும். அந்தக் கடிதம் கையில் இருந்தால் புகார், ஆம்புட்ஸ்மேன் என்று மேலே போகலாம். ஸ்கிரீனில் வந்த ஒரு வரியை வெச்சு எங்கே போறது?

இன்னிக்கே பாலிசியையும் ஆதாரையும் பக்கத்தில் வெச்சு, குடும்பத்தில் ஒவ்வொருத்தர் பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்க. வித்தியாசம் இருந்தா ரெனியூவல் வரைக்கும் காத்திருக்காம எண்டார்ஸ்மென்ட் கேளுங்க. திருத்தின பிடிஎஃபை வீட்டில் இன்னொருத்தர் போனுக்கும் அனுப்பி வையுங்க.