மருத்துவ நூலகத்தில் தேடும் கலை

பூட்டுக்கும் புகையிலைக்கும் பெயர் பெற்றது திண்டுக்கல். தோல் பதனிடும் தொழிலும் அங்கு நெடுங்காலமாக நடந்து வருகிறது. குரோமிய உப்புக் கரைந்த நீரில் நாள்தோறும் கைநனைக்கும் தொழிலாளிக்குக் கையில் அரிப்பும் வெடிப்பும் காண்கின்றன. அது தொழிலால் வந்த நோய்தானா? 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் மாணவர் ஒருவருக்கு இவ்வினா எழுவதாகக் கொள்வோம். அவர் எங்கே தேடுவார்?

புத்தகத்தைப் புரட்டுவார் என்பீர்கள். புரட்டலாம். ஆனால் 'பப்மெட்' என்னும் கணினிவழிக் குறிப்புத் தொகுப்பில் மட்டும் 3½ கோடிக்கும் மேற்பட்ட மருத்துவக் கட்டுரைகளின் குறிப்புகள் உள்ளன. ஆகவேதான் மருத்துவ நூலகங்கள் தேடும் முறையைக் கற்பிப்பதற்கென்றே வகுப்புகள் நடத்துகின்றன. நூலகர் என்றால் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் என்று எண்ணியிருப்போர், அவ்வகுப்பில் ஒரு மணி நேரம் அமர்ந்தால் தம் எண்ணத்தை மாற்றிக் கொள்வர்.

முதற் பாடம் சொல்லைப் பற்றியது. தமிழில் தொழிலாளியின் தோலும் தோல்தான். அவர் பதனிடும் ஆட்டின் தோலும் தோல்தான். ஆங்கிலத்தில் வேறொரு தொல்லை. பதனிடுதலைக் குறிக்கும் 'டானிங்' என்னும் சொல், வெயிலில் கிடந்து மேனியின் நிறத்தை மாற்றிக் கொள்வதையும் குறிக்கும். வெயிலுக்கு அஞ்சி நிழல் தேடும் நமக்கு இப்பொருள் எளிதில் தோன்றாது! அச்சொல்லை மட்டும் இட்டுத் தேடினால் கடற்கரையில் வெயில் காய்வோரைப் பற்றிய கட்டுரைகளும் வந்து குவியும்.

இக்குழப்பத்தைத் தீர்க்கவே அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960-இல் 'மெஷ்' என்னும் பொருள் தலைப்பு அட்டவணையை வெளியிட்டது. ஆசிரியர் எச்சொல்லை ஆண்டாலும், பொருள் ஒன்றானால் தலைப்பும் ஒன்றே. அதில் பதனிடுதல் ஒரு தலைப்பு, வெயில் காய்தல் வேறொரு தலைப்பு. தொழில்வழித் தோலழற்சிக்கும் தனித் தலைப்பு உண்டு. பதனிடுதல், குரோமியம் ஆகிய இரண்டையும் 'அல்லது' என்று இணைத்தால் வலை விரியும். அவற்றோடு தோலழற்சியை 'மற்றும்' என்று சேர்த்தால் வலை சுருங்கும். அண்மையில் வந்த கட்டுரைகள் சிலவற்றுக்குத் தலைப்பு இட்டிருக்க மாட்டார்கள். ஆகையால் வழக்குச் சொற்களையும் இட்டுப் பார்க்க வேண்டும்.

வேண்டாதன வந்து குவிவது தொல்லை மட்டுமே. வேண்டியது வராமற் போவதுதான் ஆபத்து. 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றிய ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. அதற்காக 'ஹெக்ஸாமெத்தோனியம்' என்னும் மருந்தை முகர்ந்த 24 வயது பெண்ணொருத்தி, நுரையீரல் கெட்டு, ஏறத்தாழ ஒரு மாதத்தில் இறந்தாள். அவள் நோயாளி அல்லள். ஆராய்ச்சிக்குத் தாமாக முன்வந்தவள். அம்மருந்து நுரையீரலைத் தாக்கக் கூடும் என்பதை 1950-களின் கட்டுரைகளே கூறியிருந்தன. ஆனால் ஆராய்ச்சியாளர் தேடிய பப்மெட் அந்நாளில் 1966-க்குப் பிற்பட்ட கட்டுரைகளையே கொண்டிருந்தது. தேடலின் குறை ஒன்றே அம்மரணத்துக்குக் காரணம் என்று கூற இயலாது. எனினும் பழைய அச்சு அட்டவணைகளை எவரேனும் புரட்டியிருந்தால், அந்த எச்சரிக்கை கண்ணிற் பட்டிருக்கும்.

நூலகர்கள் தேடற் குறிப்பேடு ஒன்றை வற்புறுத்துவது இதனால்தான். எத்தொகுப்பில், எந்நாளில், எச்சொற்களை இட்டு, எந்த ஆண்டிலிருந்து தேடினோம் என்பதை மாணவர் அதில் எழுதி வைக்க வேண்டும். '1966 முதல்' என்று ஒரு வரி இருந்தால், ஆராய்ச்சிக்கு அனுமதி வழங்கும் குழுவினர், "அதற்கு முன்?" என்று கேட்பார்கள் அல்லவா?