மனநலச் செயலிகளும் தமிழ் உணர்வுமொழியும்

முன்னுரை

மனச்சோர்வு, பதற்றக் கோளாறு ஆகியவற்றால் துன்புறுவோருக்குத் துணைசெய்யும் திறன்பேசிச் செயலிகள் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. இக்கோளாறு உடையோரில் பெரும்பான்மையோர் சிகிச்சை பெறுவதில்லை என்பதை 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு காட்டியது. தென்காசி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய புளியறை போன்ற சிற்றூர்களில் வாழ்வோர் மனநல மருத்துவரைக் காண நகரத்திற்குச் செல்லவேண்டியுள்ளது. அவர்களுக்குச் செயலி எவ்வளவு பயன்படும் என்பது அதன் மொழியைப் பொறுத்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

செயலிகளின் பணி

இச்செயலிகள் அன்றாட மனநிலையைப் பதிவுசெய்கின்றன. மூச்சுப்பயிற்சி, எண்ணங்களைச் சீர்தூக்கும் பயிற்சி முதலியவற்றைக் கற்பிக்கின்றன. வினாநிரல்வழித் துன்பத்தின் அளவை மதிப்பிடுகின்றன. பரவலாக வழங்கும் பிஎச்க்யூ–9 என்னும் வினாநிரல் கடந்த இரண்டு வார நிலையை 9 வினாக்களால் அறிகிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு, மொத்தம் 27. இது நோயைக் குறிப்பால் உணர்த்தும் கருவியே. நோயை உறுதிசெய்பவர் மருத்துவரே.

மொழியால் நேரும் இடர்

‘மனச்சோர்வு’ என்பது நூல்வழக்கு. பேச்சுவழக்கிலோ ‘மனசு சரியில்ல’, ‘நெஞ்சு படபடங்குது’, ‘எதுலயும் பிடிப்பு இல்ல’ என்றே துன்பம் வெளிப்படுகிறது. ‘படபடப்பு’ அச்சத்தையும் குறிக்கும், பசிமயக்கத்தையும் குறிக்கும். களைப்பு பற்றிய வினாவுக்கு வயலில் உழைப்பவர் தரும் விடை, உழைப்பின் அயர்வையே சுட்டலாம். எனவே மதிப்பெண் கூடவும் குறையவும் இடமுண்டு.

பிஎச்க்யூ–9இன் ஒன்பதாம் வினா, இறந்துவிடலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. ‘இருந்து என்ன பயன்’ என்று எழுதுபவரின் குறிப்பைச் சொற்பொருள் அளவில் மட்டும் கொள்ளும் செயலி, உயிர் காக்கும் தருணத்தைத் தவறவிடக்கூடும்.

மனிதத் தொடர்பு

இந்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவை இவ்விடைவெளியைக் குறைக்கிறது. 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம். முதலில் பயிற்சிபெற்ற ஆலோசகர் கேட்கிறார். தேவையாயின் மனநல வல்லுநரிடம் இணைக்கிறார். 2024 அக்டோபர் 10 அன்று இதற்கெனச் செயலியும் வெளியிடப்பட்டது. கேட்பவர் மனிதராக இருப்பதால், ‘படபடப்பு’ என்ற சொல்லுக்கு ‘எப்போது, எதனால்?’ என்று அவரால் திருப்பிக் கேட்க முடிகிறது.

முடிவுரை

செயலி சிகிச்சைக்கு வாயிலாகலாம், மாற்றாகாது. வட்டார உணர்வுச்சொற்களைத் தொகுத்து, அவை வழங்கும் சூழலுடன் பொருள் வரையறுத்து, மனநல வல்லுநரின் துணையோடு வினாநிரல்களைச் செம்மைப்படுத்துவது தமிழாய்வுக்குரிய பணியாகும்.